நடுக்குவாதமும் பூனைக்காலியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் அமைந்துள்ளன. பிளவக்கல் அணையின் நீரால் நெல்லும் தென்னையும் செழிக்கும் நிலப்பகுதி இது. மழை பெய்து ஓய்ந்த பின், மலையை ஒட்டிய புதர்களிலும் வேலிகளிலும் ஒரு கொடி படர்ந்து ஏறும். அதன் காய்கள் பூனையின் பாதம் போல வளைந்து, மேலெல்லாம் பொன்னிறச் சுணை போர்த்துத் தொங்கும். அச்சுணை உடலில் பட்டால் தினவு எடுத்துத் துடிக்க வேண்டியதுதான். குறும்புக்காரச் சிறுவர்கள் அதனைத் தோழர்களின் சட்டைக்குள் தூவி அடி வாங்கிய கதைகள் ஊர்தோறும் உண்டு. பூனைக்காலி என்னும் அப்பெயரை அறியாத பெரியவர் இப்பக்கத்தில் இருத்தல் அரிது.

அக்கொடியின் விதைக்குள் இருக்கும் ஒரு பொருளே இன்று உலகெங்கும் நடுக்குவாத நோயாளர் நாள்தோறும் உண்ணும் மாத்திரையின் உயிர்ப்பொருளாக விளங்குகிறது. அப்பொருளை அவ்விதையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர். இவ்விரு செய்திகளையும் அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. சுணையை அறிந்த அளவுக்கு விதையை நாம் அறியவில்லை. நடுக்கத்தைக் கண்ட அளவுக்கு நோயையும் அறியவில்லை. கை நடுங்கும் முதியவரைக் கண்டால், "அத்தாவுக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி அமைந்துவிடுகிறோம். மருந்து உள்ள ஒரு நோய்க்கு முதுமை என்று பெயரிட்டு மருந்தின்றி விட்டுவிடும் இவ்வழக்கம் பற்றிப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் முகம்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன், 'நடுக்குவாதம் பற்றிய ஒரு கட்டுரை' என்னும் பொருள்படும் தலைப்பில் சிறு நூலொன்றை வெளியிட்டார். ஆறே ஆறு நோயாளர்களைக் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. அவர்களுள் சிலரை அவர் தெருவில் நடந்து செல்லக் கண்டு உற்று நோக்கியதோடு சரி. மருத்துவ மனையில் கிடத்தி ஆய்ந்தாரில்லை. ஆயினும் அவர் தீட்டிய நோய்ச் சித்திரம் இருநூறு ஆண்டுகள் கடந்தும் பெருமளவு மாறாமல் நிற்கிறது. பின்னாளில் பிரான்சு நாட்டு மருத்துவர் சார்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். அம்மருத்துவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாள் இன்று உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் நாட்டு மருத்துவமும் இதனை அறியாததன்று. சித்த மருத்துவர் நடுக்குவாதம் என்றும், ஆயுர்வேதத்தார் கம்பவாதம் என்றும் வழங்கினர். யூனானி மருத்துவத்தின் தலைமகனான இப்னு சீனா தம் 'அல் கானூன்' நூலில் உடல் நடுக்கத்தை 'ரஃஷா' எனத் தனியே எடுத்துப் பேசுகிறார். பெயர்கள் இத்தனை இருந்தும், நோயாளியின் வீட்டார் அதனை நோய் என்று உணர ஆண்டுகள் பல ஆகிவிடுகின்றன. காரணம், அது மெல்ல வருவதாகும்.

பெரும்பாலும் ஒரு கையில்தான் தொடக்கம். கை வேலையின்றி மடியில் ஓய்ந்திருக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உராய்ந்து, மாத்திரை உருட்டுவது போல நடுங்கும்; ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் நடுக்கம் குறையும். தூங்கும்போது நின்றுவிடும். நாளடைவில் மறுபக்கத்துக்கும் பரவும். ஆயின், நடுக்கம் இல்லாமலே இந்நோய் வருவதும் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயாளர் பலருக்குத் தொடக்கத்தில் நடுக்கமே இராது. அவர்களிடம் காணப்படுவது மந்தமும் விறைப்புமே. சட்டைப் பொத்தானைப் போட முன்னினும் இருமடங்கு நேரம் ஆகும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியே வரும். தோள் வலி என்று எண்ணெய் தேய்த்துக் கொண்டிருப்பார்கள். வலியின் வேர் தோளில் இராது.

எழுத்துச் சிறுத்துவிடுவது மற்றோர் அறிகுறி. வரியின் தொடக்கத்தில் சற்றுப் பெரிதாகத் தொடங்கும் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்புச் சாரை போலக் குறுகிவிடும். ஓய்வூதியம் பெறச் செல்லும் முதியவரின் கையொப்பம் பழைய கையொப்பத்தோடு ஒவ்வவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பப்படும்போதுதான் சில வீடுகளில் ஐயமே எழுகிறது. அவ்வேளையிலும் கைநாட்டு வைத்துப் பணம் பெற்றுக்கொண்டு திரும்பிவிடுகிறார்களே அன்றி, எழுத்து ஏன் மாறியது என்று கேட்பார் இல்லை.

முகத்தின் தசைகளும் விறைத்துப் போவதால், சிரிப்பும் சினமும் முகத்தில் தோன்றா. கண் இமைப்பதும் குறையும். குரல் தணிந்து முணுமுணுப்பாகும். "மாமா முன்போல் முகங்கொடுத்துப் பேசுவதில்லை" என்று மருமக்கள் மனம் வருந்துவதும், "இவருக்கு எங்கள் மேல் என்ன கோபமோ" என்று உறவினர் ஒதுங்குவதும் இதனால் நேர்கின்றன. உள்ளே அன்பு குன்றவில்லை. அதனைக் காட்டும் தசைதான் இயங்க மறுக்கிறது. தள்ளாடிய சிற்றடி நடையைக் கண்டு, குடித்திருக்கிறார் என்று பழி சுமத்தப்பட்டவர்களும் உண்டு. வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத ஒருவருக்கு இப்பழி எத்துணைக் கொடுமையாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. திருமணம், விருந்து, சந்தை என்று எங்கும் செல்லாமல், நடுங்கும் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு திண்ணையிலேயே காலம் கழிக்கும் முதியோர் பலரின் வரலாறு இதுவே.

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. கை நடுங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்னரே இந்நோய் உடலில் குடிபுகுந்துவிடுகிறது. மோப்பம் குன்றுதல், நீங்காத மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துதலும் கைகால்களை வீசுதலும் ஆகியவை முன்தூதர்களாய் வரக்கூடும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் மணமும் மல்லிகையின் மணமும் ஒருவருக்கு ஒன்றுபோல மணமற்றுப் போவதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. இவை உடைய எல்லோருக்கும் நடுக்குவாதம் வரும் என்று அஞ்சவும் வேண்டா. மலச்சிக்கல் இல்லாத வீடு ஏது? ஆயினும், இவற்றோடு ஒரு கை மந்தமாவதும் சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரை நாடுவது முறை.

நடுக்கமெல்லாம் நடுக்குவாதம் அன்று என்பதும் உடன் அறியத்தக்கது. தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது மட்டும் நடுங்குவது பெரும்பாலும் வேறு வகை. அது குடும்பத்தில் வழிவழியாக வருவது. அதற்கு மருந்தும் வேறு. தைராய்டு மிகையாலும் கை நடுங்கும். மருந்துகளாலும் நடுக்குவாதம் போன்ற நிலை வரும் என்பதே இவற்றுள் மிகவும் கவனிக்கத்தக்கது. மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும், தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், புளுனரிசின் ஆகியவையும் அத்தகையன. தலைச்சுற்றலுக்கென்று ஒருமுறை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் மருந்துக் கடையில் காட்டி வாங்கி உண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. அம்மாத்திரையை மருத்துவர் நிறுத்தியதும், பெரும்பாலோர்க்குச் சில திங்களில் நடுக்கம் நீங்கிவிடும். ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது, உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

மூளைக்குள் நிகழ்வது

மூளையின் தண்டுப் பகுதியில் கருமை படிந்த ஒரு சிறிய இடம் இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் 'டோபமைன்' என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. நாம் நினைத்த மாத்திரத்தில் கை அசைவதும் கால் எடுத்து வைப்பதும் அதன் துணையால் நடப்பவை. நடுக்குவாதத்தில் அவ்வணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. பாதியளவுக்கு மேல் அழிந்த பிறகே வெளியில் அறிகுறி தோன்றுகிறது. மடியும் அணுக்களுக்குள் ஒருவகைப் புரதம் திரண்டு உருண்டையாகக் கிடப்பதை 1912ஆம் ஆண்டில் பிரெடரிக் இலூயி என்பவர் கண்டு எழுதினார். அதன் முதன்மைக் கூறு ஆல்பா சைநியூக்ளின் என்னும் புரதம் என்பது 1997இல் தெளிவாயிற்று.

அணுக்கள் ஏன் மடிகின்றன என்பதற்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை. முதுமையே பெருங்காரணம். சிலரிடம் மரபணுக் குறையும் காணப்படுகிறது. 1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகச் செய்யப்பட்ட போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் ஒரே வாரத்தில் சிலைபோல உறைந்து போயினர். அம்மருந்தில் கலந்திருந்த நஞ்சு நேரே அக்கரும்பகுதி அணுக்களைத் தாக்கி அழித்தது தெரியவந்தது. உடலுக்குள் அந்நஞ்சு அடையும் வடிவமும், களைக்கொல்லியான பாராகுவாட்டின் வேதி வடிவமும் மிக நெருங்கியவை. பாராகுவாட்டைக் கையாளும் உழவர்களிடம் நடுக்குவாதம் மிகுந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. உறுதியான காரண காரியத் தொடர்பு பற்றி வாதம் நடந்தவண்ணமே உள்ளது. வாதம் முடியட்டும் என்று காத்திராமல், தெளிப்பான் சுமக்கும் நம் வேளாண் தொழிலாளர்கள் கையுறையும் முகமூடியும் அணிவதற்கு இச்செய்தி போதுமானது என்பேன்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்புப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்பது பொதுக் கணக்கு. நம் நாட்டில், பெங்களூரைச் சார்ந்த பகுதியில் எடுத்து 2004இல் வெளியான ஆய்வு ஒரு இலட்சம் பேருக்கு 33 பேர் என்றது. மும்பையின் பார்சி சமூகத்தில் எடுத்து 1988இல் வெளியான ஆய்வோ 328 பேர் என்றது. பார்சிகளிடையே முதியோர் மிகுதி என்பது இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம். தேடிக் கண்டறியும் வாய்ப்பு நகரத்துச் சிறு சமூகத்தில் மிகுதி என்பதும் காரணமாகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விதையிலிருந்து மருந்து வரை

இந்நோய்க்கு மருந்து கிடைத்த வரலாறு, நம் மண்ணின் செடிகள் இரண்டைச் சுற்றி வருகிறது. மாணவர்கள் இதனைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மார்க்கசு குக்கன்கைம் என்னும் வேதியியலார், 1913இல் ஒருவகை அவரை விதையிலிருந்து 'எல்-டோபா' என்னும் பொருளைப் பிரித்தார். அதன் இயல்பை அறியத் தாமே இரண்டரைக் கிராம் விழுங்கிப் பார்த்தார். கடும் வாந்தி கண்டது. விலங்குகளிடமும் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தோன்றவில்லை. ஆகவே, பயனற்ற பொருள் என்று அது ஒதுக்கப்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையை ஆராய்ந்து, அதிலும் அதே எல்-டோபா இருப்பதைக் கண்டு பிரித்தெடுத்தனர். அவர்களது கட்டுரை 1937இல் இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளிவந்தது. டோபமைனுக்கு மூளையில் வேலை உண்டு என்பதை உலகில் எவரும் அறியாத காலம் அது. எனவே, நடுக்குவாதத்துக்கு மருந்து கண்டோம் என்று அவர்கள் கூறவில்லை, கூறியிருக்கவும் இயலாது. ஆயினும் கருவிகள் குறைந்த அந்நாளில், நம் புதரில் கிடந்த விதையின் உட்பொருளைத் தூய படிகமாக எடுத்துக் காட்டிய அவர்களது உழைப்பு நம் பாடநூல்களில் இடம்பெறாதது வருந்தத்தக்கது.

இரண்டாவது செடி சர்ப்பகந்தி. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டு மருத்துவர் அதன் வேரைத் தந்து வந்தனர். தில்லித் திப்பியாக் கல்லூரியில் ஹகீம் அஜ்மல்கானின் ஊக்குவிப்பால் அமைந்த ஆய்வுக்கூடத்தில், வேதியியல் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவ்வேரை ஆராய்ந்தார். 1931இல் அதிலிருந்து பிரித்த பொருளொன்றுக்கு, மறைந்த தம் புரவலரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952இல் பாசெல் நகர் ஆய்வாளர் 'ரெசர்பின்' என்னும் மருந்தைப் பிரித்தனர். குருதி அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது பெருவழக்கில் வந்தது. வந்த சிறிது காலத்திலேயே ஒரு விந்தை புலப்பட்டது. ரெசர்பினை மிகுதியாக உண்டோர் சிலர் நடுக்குவாத நோயாளரைப் போல விறைத்து நடுங்கலாயினர்.

சுவீடன் நாட்டின் அர்விட் கார்ல்சன் இவ்விந்தையைப் பற்றிக்கொண்டார். முயல்களுக்கு ரெசர்பினை ஏற்றினார். அவை காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் எல்-டோபாவை ஊசியால் செலுத்தினார்; கால் மணி நேரத்துக்குள் முயல்கள் எழுந்து இயல்பாக நடமாடின. 1957ஆம் ஆண்டு நிகழ்ச்சி இது. டோபமைன் வற்றினால் அசைவு நிற்கும், எல்-டோபாவைக் கொடுத்தால் மூளை அதனை டோபமைனாக மாற்றிக்கொள்ளும் என்பது இவ்வாறு விளங்கிற்று. 1960இல் வியன்னாவின் எரிங்கரும் ஓர்னிகீவிச்சும், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினர். அடுத்த ஆண்டே ஓர்னிகீவிச்சு, பிர்க்மேயர் என்னும் மருத்துவருடன் சேர்ந்து நோயாளருக்கு எல்-டோபாவை ஊசி வழி செலுத்த, எழ முடியாமல் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆனால் அப்பயன் சில மணி நேரமே நின்றது. 1967இல் அமெரிக்காவில் சார்ச்சு கோட்சியாசு வாய் வழியே சிறிது சிறிதாகக் கூட்டிப் பேரளவில் கொடுத்து நிலைத்த பயன் கண்டார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு செடி நோய் போன்ற நிலையை உண்டாக்கி அதன் காரணத்தைக் காட்டிற்று. மற்றொரு செடி தீர்வைத் தன் விதையில் வைத்திருந்தது. இரண்டும் நம் நாட்டுப் புதர்களில் வளர்பவை.

விதையை உண்ணலாமா?

இவ்வளவு கேட்டபின், பூனைக்காலி விதையைப் பொடித்து உண்டால் போதாதா என்னும் வினா எழுவது இயல்பு. சதுரகிரி மலை அருகிலேயே இருப்பதால், மூலிகை விற்போர் இப்பகுதியில் மிகுதி. ஆகவே இவ்வினாவுக்கு நேரிய விடை வேண்டும்.

விதையில் எல்-டோபா நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை இருக்கலாம்; மண்ணுக்கும் வகைக்கும் ஏற்ப அது மாறும். 2004இல் இலண்டனில் எட்டு நோயாளர்களிடம் நடத்திய ஆய்வில், முப்பது கிராம் விதைப்பொடி வழக்கமான மாத்திரையினும் விரைந்து வேலை செய்து, சற்று நீண்ட நேரம் நின்றது. ஆகவே விதைக்கு ஆற்றல் இல்லை என்று சொல்வது அறிவியலாகாது. ஆற்றல் இருப்பதால்தான் அச்சமும் கொள்ள வேண்டியிருக்கிறது. இன்று தரும் மாத்திரையில் எல்-டோபாவுடன் கார்பிடோபா என்னும் துணைப்பொருள் சேர்க்கப்படுகிறது. எல்-டோபா மூளைக்குச் செல்லுமுன் உடலிலேயே செலவாகிவிடாமல் அது தடுக்கிறது. குக்கன்கைமை வாட்டிய வாந்தியும் அதனால் குறைகிறது. விதையில் இத்துணைப்பொருள் இல்லை. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மாத்திரை உண்பவர் மருத்துவருக்குத் தெரியாமல் பொடியையும் சேர்த்து உண்டால், மருந்து மிகுந்து கைகால் தாமே நெளிதலும், இல்லாதவை கண்ணுக்குத் தோன்றுதலும், எழுந்து நின்றால் மயங்கி விழுதலும் நேரும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது அதனினும் கேடு.

சித்த மருத்துவர் இவ்விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கித் தூய்மை செய்தே பயன்படுத்துவர். தென்மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் பலமுறை வேகவைத்து நீரை வடித்தே உண்பர். கண்டபடி உண்ணலாகாது என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். தகுதி பெற்ற சித்த மருத்துவரை நாடுவோரை நான் தடுக்கவில்லை. இரு மருத்துவர்க்கும் இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மேடை போட்டு ஒலிபெருக்கியில் 'ஒரே மண்டலத்தில் நடுக்கம் போகும்' என்று கூவி விற்பவர்க்கு இவ்விரு மருத்துவத்தாரோடும் தொடர்பில்லை.

மருந்தோடு வாழ்தல்

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அணுக்கள் மடிவதைத் தடுக்கும் மருந்தும் இல்லை. உள்ள மருந்து குறைந்த டோபமைனை ஈடு செய்து, பல ஆண்டுகள் இயல்புக்கு நெருங்கிய வாழ்வைத் தருகிறது. நாட்பட்டபின் மருந்தின் பயன் ஒவ்வொரு வேளைக்கும் இடையில் தேய்ந்து போவதும், மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடல் நெளிவதும் உண்டு. அந்நிலையில் தகுதியானவர்களுக்கு மூளையின் ஆழ்பகுதியில் மின்முனை பொருத்தும் அறுவை மருத்துவம் பயன் தருகிறது. செலவு மிகுந்தது, எல்லோர்க்கும் பொருந்துவதும் அன்று.

மாத்திரையை உரிய மணிக்கு உண்பது இன்றியமையாதது. அதனை உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக உண்பது நலம். பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதக்கூறுகள் குடலிலும் மூளையின் வாயிலிலும் எல்-டோபாவோடு போட்டியிடுவதே காரணம். பிரியாணி விருந்துக்குப் பின் மாத்திரை வேலை செய்யவில்லை என்று சிலர் குறைகூறுவதன் உண்மை இதுவாகும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து விழுங்கலாகாது.

நோன்புக் காலத்தில் இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. நாளுக்கு மூன்று முதல் ஆறு வேளை மாத்திரை உண்போர், பகல் முழுதும் அதனை விட்டால் உடல் உறைந்து போகும். திடீரென முற்றாக நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் விறைப்பும் கண்டு உயிருக்கே ஊறு நேரலாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை ஆலிம் பெருமக்கள் அறிவர். ஆயினும் வாழ்நாள் முழுதும் நோன்பு விடாத ஒரு முதியவருக்கு அதனை ஏற்க மனம் வருவதில்லை. யாரிடமும் கூறாமல் மாத்திரையை ஒதுக்கிவிடுகிறார். இமாம் அவர்கள் ஒருமுறை அவரை அருகே அமர்த்தி எடுத்துரைத்தால், மருத்துவர் பத்துமுறை கூறுவதினும் பயன் மிகும். அன்பர்கள் இதனை ரமளானுக்கு முன்பே செய்தல் நன்று.

பள்ளிவாசல் பற்றிய மற்றொரு குறிப்பும் இங்கே சொல்லத்தக்கது. நடுக்குவாத நோயாளி நடக்கத் தொடங்கும்போதும், வாயிற்படியிலும், திரும்பும் இடத்திலும் கால் தரையில் ஒட்டியது போல நின்றுவிடுவார். தரையில் குறுக்கே கோடுகள் இருப்பின், ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக எண்ணி எளிதாக அடி எடுத்து வைப்பார். வெளியிலிருந்து கிட்டும் குறிப்பைக் கொண்டு மூளை வேறு வழியில் அசைவை நடத்திக்கொள்கிறது. தொழுகை வரிசைக்காக விரிப்பில் இட்ட கோடுகள் இவ்வகையில் அவருக்குத் துணையாகும். வீட்டுக் கூடத்திலும் ஓரடிக்கு ஒரு கோடாக வண்ண நாடா ஒட்டி வைக்கலாம். அசையாது நிற்பவரைக் கையைப் பிடித்து இழுத்தல் கூடாது, விழுந்துவிடுவார். 'ஒன்று, இரண்டு' என்று தாளம் போலச் சொன்னால் போதும். நாள்தோறும் நடைப்பயிற்சியும், குரல் தணியாதிருக்க உரத்து வாசிக்கும் பழக்கமும் மருந்துக்கு இணையான பயனுடையவை.

குத்துச்சண்டை வீரர் முகம்மது அலிக்கு இந்நோய் இருப்பது 1984இல், அவரது 42ஆம் வயதில் வெளியாயிற்று. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கையோடு அவர் சுடரேற்றியதை உலகமே கண்டது. 2016இல் மறையும் வரை அவர் தம் நடுக்கத்தை மறைத்துக்கொண்டு வீட்டில் முடங்கவில்லை.

கிடையில் விழுந்தோர்

இனி எழுதப்போவது எழுதுதற்கு இனியதன்று. மருந்தில்லாத நடுக்குவாத நோயாளி சில ஆண்டுகளில் கிடையில் விழுகிறார். புரண்டு படுக்கவும், விழுங்கவும், வாய் திறந்து கேட்கவும் இயலாது போகிறது. இவ்வாறு நெடுநாள் கிடையில் கிடக்கும் முதியோரை, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி இளநீரை மிகுதியாகப் புகட்டி இறக்கச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுவழக்கம் தென் மாவட்டங்களின் சில பகுதிகளில், நம் விருதுநகர் மாவட்டம் உட்பட, மறைவாக நடந்துவந்துள்ளது. 2010ஆம் ஆண்டில், தமக்கு இது நேரவிருப்பதை வீட்டார் பேச்சிலிருந்து அறிந்த இம்மாவட்டத்து முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறி உறவினரிடம் அடைக்கலம் புகுந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அது சட்டப்படி கொலைக்குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, கிடையில் கிடப்போரில் சிலர் சாகும் தறுவாயில் இருப்பவரே அல்லர். டோபமைன் வற்றியதால் அசைய முடியாதவர். வியன்னாவில் 1961இல் எழுந்து நடந்தவர்கள் இந்நிலையில் கிடந்தவர்களே. அசையாது கிடக்கும் முதியவரை நரம்பியல் மருத்துவர் ஒருமுறையேனும் பார்த்தாரா என்று கேட்கும் உரிமையும் கடமையும் அக்கம்பக்கத்தார்க்கும் ஜமாஅத்தார்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உண்டு.

நோயாளியைப் பேணும் சுமை பெரும்பாலும் மனைவியின் மீதோ மருமகளின் மீதோ விழுகிறது. இரவில் நான்கைந்து முறை எழுந்து புரட்டிவிடும் அப்பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாளேனும் மாற்றாள் அமர உறவினர் முன்வர வேண்டும்.

இப்பகுதியினர்க்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உள்ளது. எல்-டோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மருந்து, உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றதாகும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடுக்குவாதத்தை மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அதன்படி அடையாள அட்டையும், பாதிப்பின் அளவுக்கேற்பத் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் பெறலாம். விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாத முதியோர்க்கு நம் கல்லூரி மாணவர்கள் உதவலாம்.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டில், மாத்திரை உண்ட நேரம், கை இளகிய நேரம், மீண்டும் விறைத்த நேரம், உண்ட உணவு, விழுந்த வேளை ஆகியவற்றை எழுதி வருக. நோயாளிக்கு எழுத்துச் சிறுத்திருக்குமாதலால், பேரப்பிள்ளைகள் எழுதலாம். பத்து நிமிடச் சந்திப்பில் நோயாளி சொல்ல மறப்பதையெல்லாம் அவ்வேடு சொல்லிவிடும். மருத்துவரும் அதனைக் கொண்டே வேளைகளையும் அளவையும் திருத்தி அமைப்பார்.